எண் மாறிய எஞ்சின்

பழைய கார் ஒன்றை விலை பேச வருகிறவர்கள் இன்று பானட்டைத் திறந்ததும் தேடுவது எஞ்சின் எண்ணைத்தான். பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால் வண்டிக்கு ஒரு மதிப்பு. ஒத்துப்போகாவிட்டால் விலையில் பெரிய தொகை கழிந்துவிடும். இங்கிலாந்தின் கேய்டனில் இயங்கும் பிரிட்டிஷ் மோட்டார் தொழில் மரபு அறக்கட்டளை, ஆலைகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டி, ஒரு மோரிஸ் மைனர் எந்த நாளில் கட்டப்பட்டது, என்ன நிறத்தில் இருந்தது, எந்த எண்ணுள்ள எஞ்சினோடு வாசலைத் தாண்டியது என்றெல்லாம் சான்றிதழ் தருகிறது. வரலாற்று ஆர்வலர்களுக்கு அது அருமையான ஆவணம். ஆனால் அந்தச் சான்றிதழை அளவுகோலாக்கி, தேய்ந்ததைப் பிரித்துப் புதுப்பித்த ரீகண்டிஷன் எஞ்சின் ஏறிய காரெல்லாம் அசல் தன்மையை இழந்த கார் என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கமும் கூடவே வளர்ந்திருக்கிறது. மைனரைப் போன்ற சாமானியக் கார்களைப் பொறுத்தவரை இந்தத் தீர்ப்பு வரலாற்றுக்கு முரணானது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்தக் கார்கள் பிறந்த காலத்தில் எஞ்சின் என்பது தேயும், இறக்கப்படும், மாற்றப்படும் என்று தெரிந்தே செய்யப்பட்ட பாகம். செய்தவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள், வாங்கியவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். எஞ்சின் மாறியது அந்தக் காரின் வரலாற்றில் நேர்ந்த சிதைவு அன்று. அந்த வரலாற்றின் ஒரு பகுதி.

மைனரின் பிறப்பே இதற்கு முதல் சாட்சி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கார், தனக்கென்று திட்டமிட்ட எஞ்சினோடு ஒருநாளும் விற்பனைக்கு வரவில்லை. சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் தட்டையான நான்கு சிலிண்டர் எஞ்சினைத்தான் இசிகோனிஸ் நினைத்திருந்தார். எஞ்சின் குழியை அவ்வளவு அகலமாக அமைத்ததும் அதற்காகத்தான். அந்த எஞ்சின் கைவிடப்பட்டதும், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மோரிஸ் எய்ட் காரில் ஓடிய 918 சிசி சைடு வால்வ் எஞ்சினைக் கொண்டுவந்து அந்த அகன்ற குழியில் உட்காரவைத்தார்கள். கடைசிக் கட்டத்தில் மாதிரிக் காரை நடுவே அறுத்து நான்கு அங்குலம் அகலப்படுத்தியதும், முன்பே அடித்துவைத்திருந்த பம்பர்களை வெட்டி நடுவில் ஒரு துண்டைச் சேர்த்ததும் பலர் அறிந்த கதை. 1952இல் ஆஸ்டினும் மோரிஸும் இணைந்து பிஎம்சி ஆனபோது, ஆஸ்டின் ஏ30க்காகச் செய்த 803 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின் மைனருக்குள் புகுந்தது. 1956இல் 948 சிசி, 1962இல் 1,098 சிசி. 1971இல் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ 16 லட்சம் மைனர்கள் வெளிவந்தன. ஒரே உடலுக்குள் நான்கு அளவு எஞ்சின்கள் ஓடிவிட்டன. இந்த ஏ-சீரிஸ் மைனருக்கு மட்டும் உரியதும் அன்று. மினியில் குறுக்காகப் படுத்தது, ஸ்ப்ரைட்டிலும் மிட்ஜெட்டிலும் பந்தயத்துக்குப் போனது, மரீனாவிலும் மெட்ரோவிலும் வயதானது; 2000ஆம் ஆண்டு கடைசிப் பழைய மினி ஆலையை விட்டு வெளியேறும்வரை உற்பத்தியில் இருந்தது. இத்தனை கார்களுக்குப் பொதுவான ஓர் எஞ்சினில் ஆலை அடித்த எண், அந்தக் கணத்தில் எது கைக்கு எட்டியதோ அதன் அடையாளம்.

அந்தக் காலத்து எஞ்சின்கள் எவ்வளவு சீக்கிரம் தேய்ந்தன என்பதை இன்று கார் ஓட்டுகிறவர்கள் நம்பமாட்டார்கள். மைனருக்குச் சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, வால்வுகளை அரைத்து உட்காரவைப்பது சாதாரணப் பராமரிப்பு; சொந்தக்காரரே வீட்டு வாசலில் செய்துகொள்ளும் வேலை. சிலிண்டர் சுவரின் தேய்மானம் இன்னும் ஆழமான சிக்கல். 1930களில் பிரிட்டனின் மோட்டார் பொறியாளர் கழகம் நடத்திய ஆய்வுகள் ஓர் எதிர்பாராத உண்மையை வெளிக்கொணர்ந்தன. உராய்வைவிடக் குளிர்ச்சிதான் பெரிய பகை. எஞ்சின் சூடேறாத முதல் சில நிமிடங்களில், எரிந்த வாயுவில் உள்ள நீராவியும் அமிலமும் குளிர்ந்த சுவரில் படிந்து உலோகத்தை அரிக்கின்றன. மருத்துவர், தபால்காரர் என்று நாளெல்லாம் கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, மறுபடி கிளப்பும் வண்டிகள்தான் சீக்கிரம் புகை கக்கின. ஆகவே ஆலைகளே தேய்மானத்துக்கு முன்கூட்டியே வழி செய்துவைத்தன. ஏ-சீரிஸின் பட்டறைக் கையேட்டைப் பிரித்தால், பழைய அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு பெரிய பிஸ்டன்கள் அட்டவணையில் வரிசையாக நிற்கின்றன. கிராங்க் ஷாஃப்டை அதே அளவுகளில் கடைந்து சிறிதாக்கினால் பொருந்தும் பேரிங்குகளும் பக்கத்திலேயே உண்டு. பிளாக்கை நான்கு முறை போர் பண்ணலாம் (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தலாம்), அதற்கு மேல் ஸ்லீவ் அடிக்கலாம் என்று கணக்குப் போட்டே அந்த வார்ப்பில் உலோகம் விடப்பட்டிருக்கிறது. பிறந்த அளவிலேயே நிலைத்து நிற்க வேண்டும் என்று எண்ணியிருந்தால் இந்த அட்டவணைக்குத் தேவையே வந்திருக்காது.

ரீகண்டிஷன் தொழிலைப் பட்டறை மூலையிலிருந்து ஆலைத் தளத்துக்குக் கொண்டுவந்தது பேரிங்தான். 1839இல் ஐசக் பாபிட் காப்புரிமை பெற்ற வெள்ளை உலோகத்தை உருக்கி, பேரிங் இருக்கையிலும் கனெக்டிங் ராடிலும் நேராக ஊற்றி, ஆறியபின் கடைந்து, நீலச் சாயம் தடவிப் பார்த்துச் சுரண்டிச் சுரண்டி ஷாஃப்டுக்குப் பொருத்துவதே நெடுங்கால முறை. அது கைத்திறனின் உச்சம். ஒரு தேர்ந்த ஃபிட்டர் ஓர் எஞ்சினுக்கு நாட்கணக்கில் செலவழிப்பார், அவர் பொருத்திய ராட் இன்னோர் எஞ்சினில் உட்காராது. அமெரிக்காவில் உருவான மெல்லிய எஃகு ஓட்டுப் பேரிங்கைச் செய்யும் உரிமத்தை 1930களில் பெற்று, லண்டன் ஆக்டனில் உற்பத்தியைத் தொடங்கினார் டோனி வாண்டர்வெல். இதன்பின் பேரிங் பெட்டியில் வரும் சரக்கானது. கிராங்கை அளவுக்குக் கடைந்தால் போதும். ஓடு தானாகப் பொருந்தும். வாண்டர்வெல்லின் பெயரையும் அந்த மெல்லிய ஓட்டின் வணிகப் பெயரையும் இணைத்து எழுந்த வான்வால் பந்தய அணி, 1958இல் முதன்முறையாக வழங்கப்பட்ட ஃபார்முலா ஒன் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. பந்தய வரலாறு அந்தப் பட்டத்தைக் கொண்டாடுகிறது. எனக்கோ அந்த ஓடுகள் லட்சக்கணக்கான சாதாரண எஞ்சின்களுக்கு மறுவாழ்வு கொடுத்ததே பெரிய சாதனையாகப் படுகிறது. பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவை ஆனதும், பழைய எஞ்சினைக் கொடுத்துவிட்டுப் புதுப்பித்த எஞ்சினை உடனே எடுத்துச் செல்லும் பரிமாற்ற முறையும் நடைமுறைக்கு உகந்ததாயிற்று.

அமெரிக்காவில் ஃபோர்ட் நிறுவனம் போருக்கு முன்பே இந்தப் பரிமாற்றத்தைப் பெரிய அளவில் நடத்தியது. போர் அதை ஐரோப்பாவெங்கும் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் 1940க்குப் பிறகு தனியார் கார் உற்பத்தி நின்றுவிட்டது. போர் முடிந்தபின்னும் எஃகு ஒதுக்கீடு ஏற்றுமதியைப் பொறுத்தே கிடைத்ததால் புதுக் கார்கள் கடல் கடந்து போயின, உள்ளூர்க்காரர் பெயர் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். 1930களின் கார்கள் அதுவரை ஓடியாக வேண்டும். ஓடின. பிரான்சில் ரெனோ நிறுவனம் 1949இல் ஷுவாசி-லெ-ருவா ஆலையைப் பாகங்களை மறுசீரமைக்கும் இடமாக்கியது. ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் 1958இல் காஸ்ஸல் அருகே புதிய ஆலை திறந்தபோது, அங்கே முதலில் நடந்த வேலையே தேய்ந்த எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிப்பதுதான். இன்று அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்று, மறுசீரமைப்பில் பிறந்தது! பிஎம்சியும் பின்னாளில் பிரிட்டிஷ் லேலண்டும் கோல்டு சீல் என்ற பெயரில், பொன்னிறம் பூசி, உத்தரவாதத்தோடு எஞ்சின்களை விற்றன. சற்றுக் குறைந்த வேலைப்பாடும் விலையும் கொண்டது வெள்ளி நிறத்து சில்வர் சீல். மைனருக்கு அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் எஞ்சின் மாற்றினால், பொன்னிற எஞ்சினில் வேறொரு எண் தகடு இருக்கும். பழைய எஞ்சின் ஆலைக்குத் திரும்பி, பிரிந்து, போர் ஆகி, இன்னொருவர் வண்டியில் ஏறும். காரைச் செய்த நிறுவனமே எண் மாறுவதை வணிகமாக நடத்தியிருக்கும்போது, அந்த மாற்றத்தை அசல் தன்மைக்கு எதிரானது என்று பின்னாளில் வந்தவர்கள் சொல்வதற்கு என்ன அடிப்படை?

இந்த முறையோடு ஒரு வேலைப்பாடும் வளர்ந்தது. எஞ்சின் வரலாற்றை எண்களாலும் தகடுகளாலும் மட்டும் எழுதுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பரிமாற்ற எஞ்சின் முழுதாக வருவதில்லை. ஹெட் உள்ளதாகவோ ஹெட் இல்லாத அரை எஞ்சினாகவோ வரும். கார்புரேட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் பழைய எஞ்சினிலிருந்து கழற்றிப் பூட்ட வேண்டியவை. ஆகவே பூட்டுகிறவரின் கையில்தான் புதிய எஞ்சினின் ஆயுள். மைனரில் ரேடியேட்டரை எடுத்துவிட்டு, மவுண்டிங்குகளை விடுவித்து, செயின் பிளாக்கில் எஞ்சினைத் தூக்குவது சுலபம்; இசிகோனிஸ் விட்டுச் சென்ற அகலம் இங்கே கைகொடுக்கிறது. இறக்கி உட்காரவைப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். கிளட்ச் பிளேட்டை இம்மி பிசகாமல் நடுவில் நிறுத்த, பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றையோ அதே விட்டத்துக்குக் கடைந்த கட்டையையோ செருகிப் பிடித்துக்கொண்டு பிரஷர் பிளேட்டை இறுக்க வேண்டும். பிறகு எஞ்சினை அதே கோணத்தில் சாய்த்து, ஷாஃப்டின் பற்கள் பிளேட்டின் பற்களுக்குள் போகும்வரை கிராங்கை மெல்லத் திருப்பித் தள்ள வேண்டும். போகவில்லையே என்று போல்ட்டைப் போட்டு இழுத்தாலோ, எஞ்சினின் எடையை அந்த மெல்லிய ஷாஃப்டில் தொங்கவிட்டாலோ பிளேட் வளைந்துவிடும். முதல் கியர் போடும்போதே வண்டி குலுங்கும். ரேடியேட்டரைக் கழுவாமல் திருப்பிப் போடுவது இன்னொரு பாவம். பழைய எஞ்சினைக் கொன்ற சேறு புதிய எஞ்சினையும் கொல்லும்.

கிளப்புவதற்கு முன் செய்யும் காரியங்களில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. மைனரில் பாசிட்டிவ் எர்த்; அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடலோடு இணைந்திருக்கும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், கியர்பாக்ஸிலிருந்து உடலுக்குப் போகும் எர்த் பட்டை ஒன்றே கரண்டுக்குத் திரும்பும் வழி. அதைப் பூட்ட மறந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும் அத்தனை கரண்டும் சோக் கம்பி வழியே பாய்ந்து, கம்பி சிவந்து உருகும். டிஸ்ட்ரிபியூட்டரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கேம் ஒருமுறை சுற்றுவதற்குள் கிராங்க் இருமுறை சுற்றுவதால், முதல் பிஸ்டன் உச்சியில் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு அமைத்தால் நேர் எதிராக அமைந்துவிட வாய்ப்பு பாதிக்குப் பாதி. நான்காம் சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் ஆடிக்கொண்டிருக்கும் கணம்தான் முதல் சிலிண்டர் வெடிக்கத் தயாரான கணம் என்று பார்த்து, 1-3-4-2 என்று வயர்களைப் போடுவது பழைய வழி, இன்றும் பிழைபடாத வழி. எல்லாவற்றையும்விட முக்கியம் ஆயில். நாள்கணக்கில் உலர்ந்து கிடந்த பேரிங்குகளில் எண்ணெய் ஏறாமல் எஞ்சின் வெடித்துச் சுற்றினால், மெருகேற்றிய கிராங்கும் புதிய ஓடுகளும் சில நொடிகளில் கீறப்படும். ஆகவே பம்பை வாசலினால் நிரப்பி மூடுவார்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அழுத்தம் இல்லாத அந்த நிலையில் ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்தபின்தான் பிளக்குகளைப் பூட்டுவார்கள். எஞ்சின் பிடித்ததும் ஐடிலில் விடக்கூடாது. கேமுக்கும் டேப்பெட்டுக்கும் சிதறும் எண்ணெயே உயிர் என்பதால், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் இருபது நிமிடமாவது ஓடவிட்டு, இரண்டின் முகமும் ஒன்றையொன்று பழகிக்கொள்ளச் செய்ய வேண்டும். ஆறியபின் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, வால்வ் இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்குக்குச் சரிபார்த்து, 500 மைலில் ஆயிலை மாற்றினால் கிளப்பும் சடங்கு முடிகிறது. பிரிட்டனின் சாலைகளில் 1950களில் எண்ணற்ற கார்களின் பின் கண்ணாடியில், எஞ்சின் பழகிக்கொண்டிருக்கிறது, முந்திச் செல்லுங்கள் என்று அறிவிக்கும் ஒட்டுத்தாள் இருந்தது. புதுக் கார் வாங்கியவரும் ரீகண்டிஷன் எஞ்சின் பூட்டியவரும் அதே தாளைத்தான் ஒட்டினார்கள்.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும், அது நியாயமானதும்கூட. எண் வெறும் எண் இல்லை, அது ஆவணம். ஒரு காரும் அதன் எஞ்சினும் ஒன்றாகக் கடந்துவந்த காலத்துக்குச் சாட்சி. அதை அலட்சியப்படுத்தினால் வரலாற்றையே அலட்சியப்படுத்துவதாகும் என்பார்கள். பந்தயத்தில் ஓடி வென்ற ஒரு காருக்கு இதை நான் முழுமையாக ஏற்கிறேன். அங்கே எஞ்சின்தான் நிகழ்வின் தடயம். ஆனால் இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1974இல் தொடங்கப்பட்ட நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி போன்ற அமெரிக்க அமைப்புகளின் வழியாக, எண் ஒப்புமை என்பது சேகரிப்பாளர் உலகில் தனி மதிப்பு பெற்றது. கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரில் அதற்குக் காரணம் உண்டு. ஒரே உடலில் சாதாரண எஞ்சினும் பலமடங்கு விலைபெறும் அரிய எஞ்சினும் வந்தன. எண்தான் போலியைக் காட்டிக்கொடுக்கும். மைனரில் அப்படி எதுவும் இல்லை. அதன் எண் பிளாக்கில் ஆணியடித்த ஒரு சிறு தகட்டில் இருப்பது. எண்ணோடு வரும் எழுத்துகள் எஞ்சினின் அளவையும், அழுத்தம் உயர்ந்ததா குறைந்ததா என்பதையும் பாகக் கிடங்குக்காரருக்குச் சொல்லவே அடிக்கப்பட்டன. கார்வெட்டுக்குப் பொருந்தும் சந்தேகத்தை மைனரின் மேல் ஏற்றினால் விளைவு தலைகீழாகிறது. தகட்டைக் கழற்றிப் புது பிளாக்கில் அடித்து எண்ணை ஒப்பவைப்பவருக்குப் பரிசு கிடைக்கிறது. எஞ்சினை முறையாக மாற்றி அதை ஏட்டில் பதிந்தவருக்கு விலை குறைகிறது. ஆவணத்தின் பெயரால் பொய் ஆவணத்தை ஊக்குவிக்கும் முறை இது.

ரீகண்டிஷன் என்ற பெயரில் எத்தனை மோசமான வேலை நடந்தது என்பது அடுத்த எதிர்ப்பு. அதுவும் உண்மை. போர் பண்ணாமல் ரிங்கை மட்டும் மாற்றி, பெயின்ட் அடித்து விற்ற எஞ்சின்கள் எல்லா நாட்டிலும் இருந்தன. ஆனால் இது ரீகண்டிஷன் முறைக்கு எதிரான சாட்சியம் ஆகாது; எதை அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கான சாட்சியம். நல்ல வேலையின் அடையாளங்கள் அளவிடத்தக்கவை. சிலிண்டர் மேலும் கீழும் ஒரே விட்டமா, ஹோனிங் கோடுகள் எண்ணெயைப் பிடித்துவைக்கும் குறுக்குக் கோணத்தில் இருக்கின்றனவா, கிராங்க் எந்த அளவுக்குக் கடையப்பட்டது, அதற்கேற்ற ஓடுதானா என்பவற்றுக்கெல்லாம் பதில் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். எண் தகட்டில் கிடைக்காது. எண் ஒத்துப்போகிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தேய்ந்த எஞ்சினைத் தொடாமல் வைத்திருக்கும் காரை நான் பாதுகாக்கப்பட்ட காராகக் கருதமாட்டேன்; ஓட முடியாத கார் தன் வரலாற்றின் பெரும் பகுதியை இழந்துவிடுகிறது.

எஞ்சினை மாற்றலாம் என்றால் எந்த எஞ்சினை வேண்டுமானாலும் போடலாமா? மிகக் கூர்மையான எதிர்ப்பு இதுதான், எளிதில் தள்ளிவிட முடியாதது. மைனருக்குள் மரீனாவின் 1,275 சிசி ஏ-சீரிஸ் எஞ்சினைப் பூட்டுவது இன்று மிகப் பரவலான மாற்றம். அது அதே குடும்பத்து எஞ்சின். அதே கருவிகள், அதே கை. ஆனால் அந்த வேகத்துக்கு மைனரின் பிரேக்குகள் செய்யப்படவில்லை, அவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது இதே கேள்வி வேறு உருவில் வந்தது. பிரிட்டனில் 1999 முடிவோடும், இந்தியாவில் 2000 பிப்ரவரியிலும் நாடு முழுவதும் அது நின்றது. வார்ப்பிரும்பு வால்வ் இருக்கையில் மெல்லிய பூச்சாகப் படிந்து காத்துவந்தது அந்த ஈயம்தான். அது போனதும், கடினப்படுத்திய இருக்கைகளை ஹெட்டில் அடித்துப் பொருத்தும் வேலை ரீகண்டிஷனின் பகுதியாகிவிட்டது. இதை யாரும் அசல் கெட்டுப்போனதாகச் சொல்வதில்லை. என் எல்லைக்கோடு இதுதான்: தேய்மானத்தையும் காலத்தின் எரிபொருளையும் சமாளிக்க, அந்த எஞ்சினின் இயல்புக்குள் நின்று செய்யும் மாற்றம் அந்தக் காரின் மரபுக்குள் அடங்கும். வேறொரு காரின் ஓட்டத்தை வாங்குவதற்காகச் செய்வது புதிய காரைக் கட்டுவது. அதில் தவறில்லை, ஆனால் அதற்கு வேறு பெயர் வேண்டும். 1992இல் அம்பாசிடரில் ஆலையே இசுசூ எஞ்சினைப் பூட்டியபோது பிறந்தது அப்படியொரு வேறு காரே.

அம்பாசிடரைத் தொட்டபின் தெற்காசியாவைப் பேசாமல் இந்த வரலாறு நிறைவடையாது, ஏனென்றால் ரீகண்டிஷனின் பயன் மிக வெளிப்படையாகத் தெரிந்தது இங்கேதான். 1950களின் தொடக்கத்தில் மைனர் இந்தியாவில் பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் விற்றது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த அம்பாசிடர், பிஎம்சியின் 1,489 சிசி பி-சீரிஸ் எஞ்சினோடு தலைமுறைகளைக் கடந்து, 2014 வரை உத்தர்பாராவில் உற்பத்தியானது. இறக்குமதி இறுகிய நாட்டில் புதுக் காருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு என்றால், பழைய காரைக் கைவிடுவது நினைத்தும் பார்க்க முடியாதது. 1949இல் சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமம் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற ஆலைகள் ஓவர்சைஸ் பிஸ்டனை உள்நாட்டிலேயே கிடைக்கச் செய்தன. போர் பண்ணும் லேத் பட்டறை ஊருக்கு ஊர் வந்தது. இலங்கையிலும் 1977 வரை நீடித்த அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு மைனர்களை வீதியிலேயே வைத்திருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் மையம் நடத்திய சார்லஸ் வேர், காரை நிரந்தரமாகப் புதுப்பித்து ஓட்டுவதே சிக்கனம் என்று 1982இல் ஒரு நூலே எழுதினார். பின்னாளில் அவரது முயற்சியால் மைனருக்கான உடல் தகடுகள் இலங்கையில் அடிக்கப்பட்டுப் பிரிட்டனுக்குப் போயின. ஒரு முன்னாள் காலனியத் தீவு மிச்சம் வைத்த திறன், அந்தக் கார் பிறந்த நாட்டுக்கே கைகொடுத்தது.

யாழ்ப்பாணத்தின் கதை இன்னும் கடுமையானது. 1990க்குப் பிறகு உள்நாட்டுப் போரால் எரிபொருள் தடை இறுகிய ஆண்டுகளில், மோரிஸ் மைனர்களும் ஆஸ்டின் ஏ40களும் ஆக்ஸ்ஃபோர்டுகளும் அங்கே மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேட்டருக்குள் சில துளி பெட்ரோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால்தான் அது முடிந்தது. உயர் அழுத்தத்தில் ஓடும் புதிய எஞ்சின் அந்த எரிபொருளில் தட்டித் தட்டியே பிஸ்டனை உடைத்துக்கொண்டிருக்கும். ஆனால் விலை உண்டு. முழுதாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழே இறங்கி, ஆயிலையும் நீர்க்கச் செய்கிறது. ரிங்கும் பேரிங்கும் விரைவாகத் தேய்கின்றன. நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோன அந்தக் கார்கள் ஓடியது எஞ்சினைத் திறந்து, அளந்து, மறுபடி மூடத் தெரிந்த கைகளால். அந்த எஞ்சின்களில் ஒன்றையாவது எடுத்து வைத்து, எண் ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் விலையைக் குறைப்பாரானால், அவர் எந்த வரலாற்றைக் காக்கிறார் என்று கேட்கத்தான் வேண்டும்.

சட்டங்களும் இந்தக் கேள்விக்கு வேறுவேறு விடைகளைத் தந்திருக்கின்றன. பிரித்துக் கட்டிய கார் தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானிக்க, பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை நெடுங்காலம் மதிப்பெண் முறை ஒன்றைக் கையாண்டது. எட்டு மதிப்பெண் வேண்டும். சேசிஸ் அல்லது உடல் கூட்டுக்கு ஐந்து, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. ஒரு நாட்டின் மோட்டார் அனுபவம் முழுவதும் அந்த ஒற்றை மதிப்பெண்ணில் இருக்கிறது என்பேன். இந்தியாவில் 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதிகள், ஐம்பது ஆண்டு கடந்து, முதல் வடிவிலேயே பேணப்பட்டு, சேசிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ மாற்றம் உள்ளிட்ட கணிசமான மாற்றியமைப்புக்கு உட்படாத வாகனங்களுக்குத் தனிப் பதிவு வழங்குகின்றன. நல்ல நோக்கம், நெடுநாள் தேவை. ஆனால் எஞ்சினில் மாற்றம் என்பதற்கு எண் மாறுவதும் அடக்கம் என்று ஓர் அலுவலர் பொருள் கொண்டால், கோல்டு சீல் எஞ்சினோடு இந்தியச் சாலையில் வாழ்ந்த மைனர் வெளியே நிற்கும். ஓடாமல் கொட்டகையில் துருப்பிடித்த மைனர் உள்ளே போகும். அதே குடும்பத்து எஞ்சின், அதே கொள்ளளவு வரிசை, மாற்றிய நாளும் போர் அளவும் எழுதிய பட்டறைச் சீட்டு ஆகிய மூன்றும் இருந்தால் அதைப் பராமரிப்பு என்று விதியே வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். கழற்றிய பழைய எண் தகட்டையும் அந்தச் சீட்டோடு சேர்த்து வைக்கச் சொல்லலாம். பிஸ்டன் தலையில் 020 என்று பொறித்திருப்பதைப் படிக்கத் தெரிந்த ஒரு மோட்டார் வாகன ஆய்வாளருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.